இப்ப பத்துத்தான் ஓடுது

எங்கள் ஒழுங்கையில் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த மனிதர் செவிடர் இல்லை என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் எல்லோரும் அவரோடு கத்தித்தான் கதைத்தோம். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதற்கும் கத்தல், செத்த வீட்டுச் செய்தி சொல்வதற்கும் கத்தல். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் இந்த ஒழுங்கையில் நாள் முழுக்கச் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், எஞ்சின் பாஸ். நான் அவரைப் பாஸண்ணை என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. பாஸண்ணை பாலையூற்றில் பிறந்து, கலியாணம் முடித்துத் துறைமுகப் பக்கம் வந்தவர். அவர்களுடைய குசினிக்கும் என்னுடைய குசினிக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான் இருந்தது. நான் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்பி கடலுக்குப் போனான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனும் நானும் மட்டும்தான்.

பாஸண்ணையின் காது பார்க்கப் பெரிய காதும் இல்லை. சாதாரணக் காது, ஒன்றில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டறை வாசலில் இருப்பார். குடாவில் ஒரு படகு போகும். திரும்பிப் பார்க்காமலே அது யாருடைய எஞ்சின், எவ்வளவு முறுக்குகிறான், என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். பெருமைக்குச் சொல்வதில்லை. பிழையாக ஓடும் எஞ்சின் சத்தம் கேட்டால் அவருக்கே உடம்பில் எங்கோ நோகும். அந்த நேரம் முகத்தில் ஒன்றும் தெரியாது, வலது காலின் பெருவிரல் மட்டும் மடங்கும். இதைக் கண்டுபிடித்தவள் நான். ஒருநாள் சொல்லிச் சிரித்தபோது, அதையும் பார்த்துவிட்டீர்களா என்று வெட்கப்பட்டார். அப்போதெல்லாம் அவருக்கு மிக மெல்லிய குரல். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும்.

அது சண்டைக் காலம். கடலில் வேகமாக ஓடக்கூடிய எதுவும் சந்தேகத்துக்குரியது. பத்துக் குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின் மீன்படகில் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். விடிந்த பிறகுதான் போகவேண்டும், பின்னேரம் குறித்த நேரத்துக்கு முன்னால் இறங்குதுறையில் இருந்த படைமுகாமைக் கடந்து உள்ளே வந்துவிடவேண்டும். நேரம் தப்பி வெளியே நிற்கும் படகுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மாரியில் வாடைக்காற்று எழும்பினால் கொட்டியாரக் குடாவின் வாயில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று உத்தரவு எழுதியவர்களுக்குத் தெரியுமா? அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் இல்லையே.

தம்பி புது எஞ்சின் எடுத்தான். மூடியில் பத்து என்று பெரிதாக எழுதியிருந்தது. கொண்டுவந்த அன்றே அதைத் தோளில் வைத்துக்கொண்டு பாஸண்ணையிடம் போனான், நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். பட்டறையில் தடை வருவதற்கு முந்திய காலத்துப் பழைய பதினைந்து ஒன்று கிடந்தது. இரண்டின் மூடியையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்ளே இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரே சிலிண்டர், ஒரே பிஸ்டன். பருமன் ஒரேயளவென்றால் ஒன்று எப்படிப் பத்து, மற்றது எப்படிப் பதினைந்து என்று நான் கேட்டேன்.

“தங்கச்சி, உங்கட இடியப்பப் பானை எவ்வளவு பெரிசு?” என்றார்.

கையால் காட்டினேன்.

“அதுதான் எஞ்சின்ர பருமன். பவர் எண்டது, அந்தப் பானையில ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தினை தட்டு அவிச்சு இறக்கிறீங்கள் எண்டது. பானை பெரிசெண்டால் கூட அவிக்கலாம், அது சரி. ஆனா அதே பானைக்கு நல்ல விறகு வைச்சு, மளமளவெண்டு ஏத்தி இறக்கினா?”

அப்போதும் கூட அவிக்கலாம் என்றேன். பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் கடைகளுக்குக் கொடுத்து முடிக்கிறவளுக்கு அது தெரியாதா?

“அவ்வளவுதான். இதுக்குத் தொண்டையைச் சின்னனாக்கி அனுப்பியிருக்கிறாங்கள். காத்தும் எண்ணெயும் கொஞ்சமாத்தான் உள்ள போகும். தொண்டையைத் திறந்து விட்டா இதுவும் பதினஞ்சுதான்.” பிறகு தம்பியைப் பார்த்தார். “ஆனா தம்பி, அடுப்பு கூட எரிஞ்சா அடிப்பிடிக்கும். கட்டாயமெண்டால் மட்டும் முழுக்கத் திருகு. நெடுகத் திருகினா பிஸ்டன் பிடிச்சு நிண்டிடும்.”

தம்பி தலையாட்டினான். அவன் தலையாட்டாத விசயம் உலகத்தில் ஒன்றும் இல்லை.

அப்படித் தொண்டை திறந்த எஞ்சின்கள் எங்கள் குடாவில் பாதிக்கு மேல் ஓடின. மூடியில் பத்து, உள்ளே பதினைந்து. சோதனை நிலையத்தில் இலக்கத்தைப் பார்ப்பார்கள், விடுவார்கள். ஒரு தொல்லையும் இருக்கவில்லை, முகாமுக்குப் புதிதாக அந்த அதிகாரி வரும்வரை.

இளம் வயது. எஞ்சின் படித்தவர். தமிழைப் புத்தகம் வைத்துப் பழகியிருக்கவேண்டும், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் கதைப்பார். மூடியில் எழுதியிருப்பதற்கும் உள்ளே ஓடுவதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எஞ்சினையும் கழற்றிப் பார்க்க முகாமில் ஆள் இல்லை. யாரோ அவருக்கு ஒரு காதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பட்டறைக்கு வந்தபோது, பிடி கழன்ற என்னுடைய பானையை ஒட்டுவித்து வாங்க நான் அங்கே நின்றேன். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் வலுவைச் சொல்வீர்களாமே, எங்களுக்கு உதவ முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். பாஸண்ணை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன?” என்றார்.

அதிகாரி திரும்பவும், கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

“என்ன?” பாஸண்ணை கத்தினார். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. போன மாதம் பக்கத்தில் செல் விழுந்து வெடித்ததோடு காது அடைத்துப் போய்விட்டது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார். காது கேட்கிறது என்று ஒப்புக்கொண்டால் தானே திறந்துவிட்ட எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கவேண்டும். பொய் சொல்லலாம்தான். ஆனால் எஞ்சின் விசயத்தில் அந்த மனிதருக்குப் பொய் வராது. ஆகவே காதையே இல்லாமல் ஆக்கிவிட்டார்.

அதிகாரி நம்பினாரோ தெரியாது. மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பாதவர்கள் பிறகு சோதித்துப் பார்க்க வந்தார்கள். பாஸண்ணையின் முதுகுக்குப் பின்னால் தகரப் பேணி விழுந்தது. சந்தையில் ஒருவன் அவருடைய காலடியில் சீனவெடி கொளுத்திப் போட்டான். பாஸண்ணை கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே நின்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். பெருவிரல் செருப்போடு சேர்ந்து மடங்கியிருந்தது. நல்லகாலம், வேறு ஒருவரும் அங்கே பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் கத்தல் தொடங்கியது. யார் யாருக்குக் காது கொடுக்கிறான் என்று தெரியாத காலம், அதனால் ஒழுங்கையே சேர்ந்து கத்தியது. இதில் சிரிப்புக்கும் குறைவில்லை. களவாகச் செய்யவேண்டிய வேலையைச் செவிடரிடம் எப்படி இரகசியமாகக் கேட்பது? குறிஞ்சாக்கேணியிலிருந்து எஞ்சின் கொண்டுவந்த முஸ்லிம் காக்கா ஒருவர் விசயம் தெரியாமல், “பாஸ், என்ட எஞ்சினுக்கும் தொண்டையத் துறந்து உடுங்க” என்று கடல்வரை கேட்கக் கத்தினார். அண்ணி ஓடிவந்து அவர் வாயைப் பொத்தாத குறை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. எஞ்சினைக் கொண்டுவந்து வைத்து மூடியில் இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கவேண்டும் என்று அர்த்தம். தட்டாவிட்டால் வெறும் திருத்தம்.

வேலை செய்யும்போது நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து மற்றப் பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். செவிடர்கள் அப்படித்தான் எஞ்சினை அறிவார்கள் என்று வந்தவர்களுக்குக் கத்திச் சொல்வார். நாளாக நாளாக அது அவருக்கு உண்மையாகவே பழகிவிட்டது. கண்ணை மூடித் திருப்புளியைக் கடித்துக்கொண்டு அவர் நிற்பதைக் காண எனக்குப் பயமாக இருக்கும்.

அதைவிடப் பயம் செல் விழுந்த நாட்களில். செல் வரும்போது முன்னால் ஒரு கூவல் வரும். அதை முதலில் கேட்கிறவர் அவர்தான். ஆனாலும் நாங்கள் ஓடத் தொடங்கும்வரை நிற்பார். எங்கள் முகங்களைப் பார்த்து, அப்போதுதான் விளங்கியவர்போல் பின்னால் ஓடிவருவார். ஒருநாள் வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். குனிந்து ஏதோ அராவிக்கொண்டிருந்தார். கால்விரல் மடங்கிவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மடங்கிய விரலோடு அராவிக்கொண்டே இருந்தார், பதுங்குகுழி முற்றத்திலேயே இருந்தது.

கிடுகு வேலிக்கு இரகசியம் தெரியாது. ஆகவே வீட்டுக்குள்ளும் அவர்கள் கத்தித்தான் கதைத்தார்கள். உப்புக் கூடிவிட்டது, வேட்டி காயவில்லை, தலை இடிக்கிறது, எல்லாம் எங்களுக்குக் கேட்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருநாள் நான் மா குழைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் குந்தினார்.

“எனக்கு அந்த மனுசனோட மெல்லக் கதைக்க ஆசையாக் கிடக்கு” என்றார்.

நான் மாவைக் குழைத்தேன்.

இப்படிச் சில வருடங்கள் போயின. பிறகு அந்தக் கார்த்திகை மாதத்துப் பின்னேரம் வந்தது. காலையில் வெளிச்சமாக இருந்த வானம் மத்தியானத்தோடு இருண்டு, குடா முழுக்க மழை இறங்கியது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தம்பி வரவில்லை. நாங்கள் இறங்குதுறையில் தார்ப்பாய்ப் படங்குகளைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றோம். பாஸண்ணையும் அண்ணியும் என் பக்கத்தில் நின்றார்கள். எதிரே முகாமின் கூரைக்கடியில் அதே அதிகாரி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழையும் அலையும் தவிர ஒன்றும் கேட்கவுமில்லை. உள்ளே வரும் நேரம் முடிந்தது. இனி வெளியே போய்த் தேடுவதென்றால் அந்த அதிகாரி ஒருவரின் சொல் வேண்டும், அவர் எதை நம்பிச் சொல்லுவார்?

நான் கீழே பார்த்தேன். பாஸண்ணையின் கால்விரல் மடங்கியிருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது விரிந்தது, மடங்கியது, விரிந்தது. பிறகு அந்தக் கால் நகர்ந்தது. மழைக்குள் இறங்கி முகாமின் கூரைப் பக்கம் நடந்தார். அண்ணி அவருடைய சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டியவர், பிடிக்காமல் விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

“எஞ்சின் ஒண்டு கேக்குது, சேர்.” மெல்லிய குரல். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

“எனக்கு மழை மட்டும்தான் கேட்கிறது” என்றார் அதிகாரி.

“கறுப்புக் கல்லுக்கு வெளியால. தெற்கால இழுபட்டுக்கொண்டு போகுது. மூடியில பத்தெண்டு கிடக்கும், பதினஞ்சு ஓடுது. நான்தான் திறந்து விட்டனான். இப்ப பிஸ்டன் பிடிக்குது. நிண்டுதெண்டால் பிறகு எனக்கும் கேக்காது.”

அதிகாரி திரும்பிப் படகை இறக்கச் சொன்னார். முகாமின் படகு ஒன்று போனது, அதில் பாஸண்ணையையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். இருட்டுவதற்குள் தம்பியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குளிரில் அவனுடைய பல்லு அடித்துக்கொண்டது. நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி முழுக்கத் திருகியபடியே வந்தானாம், கலப்பட எண்ணெய் வேறு. நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே பாஸண்ணை நின்ற பக்கம் பார்த்தேன். அவருக்கு ஒரு பக்கத்தில் அதிகாரி, மற்றப் பக்கத்தில் ஒரு சிப்பாய்.

அவரை அடிக்கவில்லை, பிடித்து வைக்கவில்லை. தம்பியுடைய எஞ்சினின் தொண்டையை மட்டும் தன் கண்முன்னால் மூடுவித்தார் அதிகாரி. மற்ற எஞ்சின்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த கிழமை இறங்குதுறை முனையில், மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கதிரை வந்தது. காலையில் படகுகள் அதற்கு முன்னால்தான் போகவேண்டும். பாஸண்ணை அதில் உட்கார்ந்திருந்து ஒவ்வொன்றின் வலுவையும் சொல்லவேண்டும்.

அந்த முதல் நாள் காலைச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோனேன். கடற்கரையில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. முதலாவதாக வந்தவர் இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்த ஒரு கிழவர். அவருடைய எஞ்சின் திறந்த எஞ்சின், திறந்தவர் கதிரையில் இருக்கிறார். கதிரையைக் கண்டதும் கிழவருக்குக் கை தளர்ந்துவிட்டது. கைபிடியைத் திருப்பி வேகத்தைக் குறைத்தார். பயத்தில் குறைத்தாரே தவிர உபாயமாக இல்லை. எஞ்சின் முனகிக்கொண்டு எங்களைக் கடந்தது.

“எவ்வளவு?” என்று அதிகாரி கேட்டார்.

பாஸண்ணை தலையைச் சரித்துக் கேட்டார். “இப்ப பத்துத்தான் ஓடுது, சேர்.”

“இப்போது?”

“ஓம். இப்ப.”

அது உண்மை. பருமன் மாறவில்லை, தொண்டையும் மாறவில்லை. ஆனால் கைபிடியைக் குறைத்த அந்த நேரத்தில் அந்த எஞ்சின் பத்துத்தான். பெரிய அடுப்பிலும் நெருப்பைத் தணித்தால் தணிந்த நெருப்புக்கு எவ்வளவு அவியுமோ அவ்வளவுதானே அவியும்? அந்தக் கணக்கு அதிகாரிக்கும் தெரியும். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிழவரைப் போகலாம் என்று கைகாட்டினார்.

பின்னால் வந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள். அன்றிலிருந்து கதிரைக்கு முன்னால் வரும்போது எல்லாப் படகும் கைபிடியைக் குறைத்தது. பத்தானாலும் குறைத்தது, பதினைந்தானாலும் குறைத்தது. கதிரையைத் தாண்டி, மண்மூட்டை மறைந்த பிறகு முறுக்கினார்கள். பாஸண்ணை நாள்தோறும் உண்மையே சொன்னார். அந்த மனிதரைப் பொய் சொல்ல வைக்கக்கூடாது என்று குடாவே சேர்ந்து பார்த்துக்கொண்டது.

வீட்டிலும் கத்தல் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சில நேரம் அண்ணி சிரிப்பது மட்டும் கேட்கும், எதற்கென்று தெரியாது. அந்த மாதங்கள் அவர்களுக்கு நல்ல மாதங்கள். எனக்கு அதில் இன்னும் ஒரு ஆறுதல் உண்டு.

ஆனால் முகாமின் கதிரையில் இருந்த மனிதரை எல்லோரும் எங்களைப்போல் பார்க்கவில்லை. முகாமுக்குக் காது கொடுக்கிறார் என்று காட்டுப் பக்கத்தில் இருந்த இயக்கக்காரர் கதைத்தார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள், கேட்கும் காதை வைத்துக்கொண்டு இத்தனை காலம் செவிடாக நடித்தவன் இன்னும் எதை எதைக் கேட்டிருப்பான் என்று கதைத்தார்கள். இரண்டு பக்கத்துக் கதையும் எங்கள் குசினிவரை வந்தது. வேறு ஊருக்குப் போங்கள் என்று தம்பி சொன்னான். எஞ்சின் ஓடுகிற சத்தம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று பாஸண்ணை கேட்டார்.

ஒரு காலை நான் சாப்பாட்டோடு போனபோது கதிரை வெறுமையாக இருந்தது. சுணங்கி வருகிறாராக்கும் என்று கொஞ்சம் நின்றேன். படகுகள் வந்தன. வெறும் கதிரைக்கு முன்னாலும் கைபிடியைக் குறைத்து, கதிரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். வழமையான நேரத்துக்கே போய்விட்டார் என்றார் அண்ணி. எங்கள் ஒழுங்கைக்கும் இறங்குதுறைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் போய்விடலாம். அவ்வளவு தூரத்துக்குள் அவர் இல்லாமல் போனார். கொண்டுபோனது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணி இரண்டு பக்கத்தாரிடமும் போய்க் கேட்டார், இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தைக் காட்டினார்கள்.

அந்தக் காலை அண்ணி ஒழுங்கையில் இறங்கி ஒவ்வொரு வளவாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். “இஞ்சாருங்கோ.” அவரை எப்போதும் கூப்பிடும் சொல்லைச் செவிடருக்குக் கத்துவதுபோலவே கத்தினார். கத்துவதை விட்டு எத்தனையோ மாதமாகியும் அந்தக் குரல் அவரிடம் அப்படியே இருந்தது. கடற்கரைவரை போய், கடலைப் பார்த்தும் கத்தினார். அவர் ஒருநாளும் என்னையோ தம்பியையோ குற்றம் சொல்லவில்லை. ஒருதரம் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கதிரை மழையில் நனைந்து இற்றுப்போய், பிறகு ஒரு மாரியில் கடலோடு போனது. சண்டை முடிந்தது, மண்மூட்டை போனது, தடையும் போனது. தம்பி இப்போது நாற்பது குதிரைவலு எஞ்சின் வைத்திருக்கிறான். அவனுக்குத் தொப்பையும் விழுந்துவிட்டது. ஆனாலும் விடியக்காலை கதிரை இருந்த இடத்துக்கு நேரே வரும்போது கைபிடியைக் குறைக்கிறான். எல்லோரும் குறைக்கிறார்கள். சண்டைக்குப் பிறகு கடலுக்குப் போகத் தொடங்கிய பெடியன் ஒருவனிடம் ஏன் என்று கேட்டேன். அந்த இடத்தில் அப்படித்தான் ஓடவேண்டும் என்றான். தண்ணீருக்குக் கீழே கல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இப்போதும் அந்த நேரம் அடுப்படியில்தான் வேலை. வேலி இருந்த இடத்தில் மதில் வந்துவிட்டது. நாற்பதுகள் எல்லாம் இரைந்துகொண்டு வந்து, அந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தாகக் குறையும். அந்தக் கொஞ்ச நேரம் ஒழுங்கை அமைதியாக இருக்கும். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி கதைப்பது கேட்கும், மிகவும் மெல்லிய குரலில்.

“இஞ்சாருங்கோ.”